கிளினிக் நடத்தக் கற்றுக் கொடுத்தது யார்?



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "ஏதாவது எழுதிக் கொடுங்க ஸார், பழைய கதையா இருந்தாலும் பரவாயில்லை" என்றார்கள். ஹாஸ்டல் கதையும் புரொபசர் கதையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நாம் கூடும்போதெல்லாம் பேசாமல் நழுவி விடுகிற ஒரு பழைய கதையை எடுத்துக் கொண்டேன். பணக் கதை. அதாவது, பல் டாக்டர் தன் சொந்த கிளினிக்கை நஷ்டமில்லாமல் நடத்த எங்கே, யாரிடம் கற்றுக் கொண்டார் என்கிற சரித்திரம். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற நமக்கு, பீஸ் சொல்லும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

கல்லூரியில் சொல்லித் தரவில்லையா என்று கேட்பீர்கள். டென்டல் கவுன்சில் 2007-ல் வெளியிட்ட பி.டி.எஸ். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்ற பாடத்தின் கடைசிப் பக்கம் போலிருக்கிற இடத்தில் 'பிராக்டிஸ் மேனேஜ்மென்ட்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே இடம் தேர்வு செய்வது, கட்டட அமைப்பு, கருவிகள் வாங்குவது, பதிவேடும் கணக்கும் என்று நாலு வரி. பரீட்சைக்கு ஷார்ட் நோட்ஸாக வந்தால் வரும். எங்கள் காலத்தில் இந்த நாலு வரியும் கண்ணில் பட்டதாக ஞாபகம் இல்லை. ஒரு கடைவாய்ப் பல்லின் வேரைப் பற்றி நாலு நாள் வகுப்பு எடுத்தார்கள், அந்த வேரை வைத்துக் குடும்பம் நடத்துவது பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் பல் மருத்துவக் கல்வியே ஒரு கடையின் லாபத்தில்தான் ஆரம்பித்தது. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1915-ல் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, பாஸ்டனில் குழந்தைகளுக்கான பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுக் கல்கத்தா திரும்பினார். 1920-ல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அரசாங்க மானியத்தை நம்பி அல்ல. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று கல்கத்தாவில் ஒரு கடை போட்டு, அதில் வந்த பணத்தைக் கல்லூரியில் போட்டார். (பல்லைக் கெடுக்கிற சோடா விற்று பல் டாக்டர்களை உருவாக்கினாரே என்று சிரிக்காதீர்கள். வியாபாரம் தெரிந்த மனிதர்.) அவரிடம் படித்த பாத்திமா ஜின்னா 1923-ல் பம்பாயில் சொந்தமாகக் கிளினிக் திறந்தார். 1925-ல் அகமது 'இந்தியன் டென்டல் ஜர்னல்' தொடங்கினார். 1964-ல் பத்மபூஷண் கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 24-ஐத்தான் இப்போது பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று கேக் வெட்டுகிறோம், சோடா கடையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

சரி, நம் பக்கம் வருவோம்.

சென்னையில் பட்டம் வாங்கிய பல் டாக்டர்கள் ஊருக்கு ஊர் பரவுவதற்கு முன்பே, ஜனங்களுக்குத் தெரிந்த பல் டாக்டர் 'சைனா டாக்டர்'தான். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து கிளம்பிக் கல்கத்தா, சென்னை என்று வந்து குடியேறிய குடும்பங்கள். பல் கட்டுவது அவர்களுக்குக் குலத்தொழில். படிக்கும் காலத்தில் பாரிமுனைப் பக்கம் அந்த போர்டுகளை நின்று பார்த்திருக்கிறேன். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் பல் செட், உள்ளே அப்பா பிடுங்குவார், பிள்ளை அளவெடுப்பார், பின்கட்டில் இன்னொருவர் செட்டை ராவிக் கொண்டிருப்பார். நாற்காலியில் உட்காரும் முன்பே ரேட் சொல்லி விடுவார்கள். லேப் செலவு வெளியே போகாது, சம்பளமும் வெளியே போகாது. கல்லூரி வாசலை மிதிக்காத அந்தக் குடும்பங்களுக்கு, நமக்குத் தெரியாத ஒரு விஷயம் தெரிந்திருந்தது: ஒரு செட் கட்ட அவர்களுக்கு என்ன அடக்கம் ஆகிறது என்பது.

1948-ல் டென்டிஸ்ட்ஸ் ஆக்ட் வந்தது. பட்டம் வாங்கியவர்கள் பதிவேட்டில் 'ஏ' பிரிவு. பட்டமில்லாமல், குறைந்தது 5 வருஷமாவது இதையே ஜீவனமாகச் செய்து வந்தவர்களுக்கு 'பி' பிரிவு. தொழில் மரியாதையாக இருக்க வேண்டும் என்று சட்டம் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மரியாதையோடு கூட ஒரு கூச்சமும் வந்து ஒட்டிக் கொண்டது. 1976-ல் வந்த ஒழுக்க விதிகள் சொன்னதைப் பாருங்கள். போர்டு 0.9 மீட்டருக்கு 0.6 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 'வலியில்லாமல் பல் எடுக்கப்படும்' என்பது போன்ற வாசகம் கூடாது. கண்ணாடிப் பெட்டி கூடாது, மினுக்கும் விளக்கு கூடாது, கமிஷன் கூடாது.

இந்த விதிகளுக்குப் பின்னால் அமெரிக்காவில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. எட்கர் பார்க்கர் என்று ஒரு பல் டாக்டர். பிலடெல்பியாவில் முறையாகப் படித்தவர். பேண்டு வாத்தியம், சர்க்கஸ் எல்லாம் வைத்து வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கினார். தான் பிடுங்கிய 357 பற்களைக் கோத்து மாலையாகப் போட்டுக் கொண்டார்! 'பெயின்லெஸ் பார்க்கர்' என்ற விளம்பரப் பெயரைப் போட்டுக் கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தபோது, 1915-ல் கோர்ட்டுக்குப் போய்த் தன் பெயரையே பெயின்லெஸ் என்று மாற்றிக் கொண்டார். மேற்குக் கடற்கரை முழுக்க வரிசையாகக் கிளினிக் திறந்தார். இன்றைக்கு மால்களில் பார்க்கிற சங்கிலிக் கிளினிக்குகளுக்கு அவரைத்தான் கொள்ளுத் தாத்தா என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்கள் மீதுள்ள பயத்தில் தொழில் சங்கங்கள் பல நாடுகளில் விளம்பரத்துக்குக் கதவைச் சாத்தின. அது சரிதான் என்பது என் கட்சி. ஆனால் கதவைச் சாத்தியபோது விளம்பரத்தோடு சேர்த்துக் கணக்கையும் வெளியே நிறுத்தி விட்டோம். பணம் பேசினாலே பார்க்கர் ஆகிவிடுவோம் என்று ஒரு பயம்.

நம் கல்லூரி 1953-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாக ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியும். கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இறங்கினால் கல்லூரி. செங்கல்பட்டிலிருந்து வருகிற எனக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? முதல் சில வருஷ பேட்சுகளில் வெளியே வந்தவர்கள்தான் மாவட்டத் தலைநகரங்களில் போய் உட்கார்ந்தார்கள். அரசாங்க வேலை கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்கள் வீட்டுத் திண்ணையை அடைத்து ஒரு சேர் போட்டார்கள்.

1978-ல் ஹவுஸ் சர்ஜன் முடித்து நான் போய்ச் சேர்ந்ததும் அப்படி ஒரு சீனியரிடம்தான். செங்கல்பட்டில் சொந்த வீட்டின் முன் அறை. காலால் மிதித்து ஓட்டுகிற பழைய டிரில் ஒன்று மூலையில் துணி போர்த்தி நிற்கும். அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. "தம்பி, பீஸை உட்காரும் முன்னாடி சொல்லிடு. வாயில ஊசி போட்டப்புறம் சொன்னா அது பீஸ் இல்ல, வழிப்பறி" என்பார். வரவு நோட்டில் கடன் என்ற வார்த்தையை எழுத விட மாட்டார். "கடன்னு எழுதாதே, பாக்கின்னு எழுது. கடன்காரன் தெருவ மாத்திப் போவான், பாக்கிக்காரன் திரும்பி வருவான்." அறுவடை முடிந்து தை, மாசியில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து பாக்கியைக் கொடுத்து, கூடவே அம்மாவுக்குப் பல் செட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் பக்தி உண்டு. ஆனால் சரித்திரம் எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பீஸுக்கு ஒரு ரகசியம் இருந்தது, அது அவருக்கே தெரியாது. வாடகை கிடையாது. கணக்கு எழுதியது அம்மா (அவர் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). சேர் விலை எப்போதோ அடைபட்டு விட்டது. கடன் தவணை கிடையாது. ஆக, அவர் வாங்கிய பீஸில் பெரும்பகுதி அவர் கையில் நின்றது. செங்கல்பட்டில் 'ஊர் ரேட்' என்று ஒன்று உருவானது இவரைப் போன்றவர்களின் திண்ணையில்தான். அதே ரேட்டை வைத்துக் கொண்டு, பின்னால் வந்தவர்கள் பஜார் தெருவில் வாடகைக்குக் கடை எடுத்து உட்கார்ந்தார்கள். ரேட் அதேதான், அடக்கம் வேறு. நம் தொழிலில் நான் பார்த்த பாதிக் கஷ்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ரூட் கெனால் செய்கிற நாம் இந்த வேரை மட்டும் தேடியதில்லை.

அடக்கம் ஏறியதற்கும் ஒரு கதை உண்டு. 1957-ல் அமெரிக்காவில் ஜான் போர்டன் கொண்டு வந்த ஏரோட்டர் மெல்ல மெல்ல நம் ஊர்களுக்கும் வந்தது. காற்றில் சுற்றுகிற டிரில், நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுற்று. பேஷண்டுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் கால்மிதி டிரில்லுக்குக் கரண்ட் வேண்டாம், ஏரோட்டருக்குக் கம்ப்ரஸர் வேண்டும், தண்ணீர் வேண்டும், அதற்கேற்ற சேர் வேண்டும். கைத்தொழிலாக இருந்தது முதலீட்டுத் தொழிலாக மாறியது. நமக்கு முதலில் கடன் கொடுத்தவர் டென்டல் டிப்போக்காரர். பையைத் தூக்கிக் கொண்டு ரயிலில் வருவார், சிமென்ட், பர், அக்ரிலிக் பவுடர் எல்லாம் கணக்கில் கொடுத்துவிட்டுப் போவார். "காஞ்சிபுரத்துல டாக்டர் இப்ப இதான் ஸார் வாங்கியிருக்காரு" என்று சொல்லி ஒரு மெஷினை விற்பார். அவரும் ஒரு வாத்தியார்தான். விற்க வந்த வாத்தியார்.

எனக்கு நிஜமாகக் கணக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு பாங்க் மேனேஜர். 1969-ல் 14 பாங்குகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு, படித்துச் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுப்பதில் பாங்குகள் அக்கறை காட்டின. நான் தனியாகக் கிளினிக் போடக் கடன் கேட்டுப் போனேன். அவர் ஒரு பேப்பரை நீட்டி, "டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க, எத்தனை பேர் வந்தா எனக்குத் தவணை கட்டுவீங்க, இது ரெண்டும் எழுதுங்க" என்றார். ஐந்து வருஷம் கல்லூரியில் ஒருவரும் கேட்காத கேள்வி. எழுத எனக்கு ரெண்டு நாள் பிடித்தது.

அப்புறம் 1986. நம் தாய்க் கல்லூரியான மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமன் குழுதான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது. அதுவரை கையைக் கழுவிவிட்டு வாயில் விட்ட நாம் கையுறை போட ஆரம்பித்தோம். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டி போய் ஆட்டோகிளேவ் வந்தது. போட்டே ஆக வேண்டிய செலவு, இதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அந்தச் செலவைப் பீஸில் சேர்த்தோமா? பெரும்பாலானவர்கள் சேர்க்கவில்லை, ஊர் ரேட் இடம் கொடுக்கவில்லை. 1995-ல் சுப்ரீம் கோர்ட், காசு வாங்கிச் செய்கிற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. கேஸ் ஷீட், சம்மதக் கையெழுத்து, ரசீது எல்லாம் கட்டாயம் போல ஆயின. இன்கம்டாக்ஸில் டாக்டர்களுக்கென்றே '3சி' என்று ஒரு தினசரிப் பதிவேடு இருந்தது: தேதி, பேஷண்ட் பெயர், என்ன செய்தோம், எவ்வளவு வந்தது, எப்போது வந்தது. வரிக்குப் பயந்து அதை ஒழுங்காக எழுதினவர்கள், தங்களை அறியாமலே தங்கள் கிளினிக்கைப் படித்துக் கொண்டிருந்தார்கள். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த வேலையில் பணம் வருகிறது, எந்த வேலையில் நேரம் போகிறது என்று அதிலேயே தெரியும். நிறையப் பேர் ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு மறந்து போனார்கள்.

இதற்கிடையில் நம் பக்கம் அடையாளம் தெரியாமல் மாறிக் கொண்டிருந்தது. 1980-களின் கடைசியிலிருந்து தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் வர ஆரம்பித்தன. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் ஒன்று, பழைய மகாபலிபுரம் சாலையோரம் கேளம்பாக்கத்தில் ஒன்று, காட்டாங்கொளத்தூர், வண்டலூர் தாண்டி ரத்தினமங்கலம், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம், மேல்மருவத்தூர் என்று ரெண்டு ரோட்டிலும் வரிசையாகக் கல்லூரிகள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போனால் டீக்கடைக்கு ஒரு டென்டல் போர்டு தெரியும். (எங்க ஊர்க்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் ரோடுதான். அது வரிக்கும் பெயர் என்பது 2017-க்கு அப்புறம்தான் தெரியும்.) மகேந்திரா சிட்டி, மறைமலை நகர் கம்பெனிகள், சிறுசேரி ஐ.டி. ஆபீஸ்கள் எல்லாம் வந்ததால் ஜனங்களும் பெருகினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாய்கள் பெருகிய வேகத்தைவிட சேர்கள் பெருகிய வேகம் அதிகம் என்பதுதான் என் கண் கண்ட கணக்கு.

மாமல்லபுரத்தில் நான் கொஞ்ச வருஷம் வாரத்தில் ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். அங்கே போன பிறகுதான் கிளினிக்குக்கும் பஞ்சாங்கம் உண்டு என்று புரிந்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெள்ளைக்காரர்கள். அவர்கள் ஊரில் வாங்குகிற பீஸைக் கேட்டால் மயக்கம் வரும், அதனால் கேப் எல்லாம் இங்கேயே போட்டுக் கொண்டு போவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் மீனவக் குப்பத்திலிருந்து ஆள் வராது, வந்தாலும் வலி தாங்காமல் பல்லைப் பிடுங்க மட்டும்தான். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் நம் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுதான், தடை அவற்றுக்குக் கிடையாது. அந்த மாதங்களில் அவர்களுக்கு மீன் விலை நன்றாக இருக்கும், கிளினிக்குக்கும் அப்போதுதான் வருவார்கள். சிற்பிகள் தனி ரகம். ஒரு பெரிய சிலைக்குக் காசு மொத்தமாக வரும், அதுவரை கையில் ஒன்றும் இருக்காது. ஒரு சிற்பி பீஸுக்குப் பதிலாகச் சின்னக் கல் பிள்ளையார் செய்து கொடுத்தார். வரவு நோட்டில் 'பிள்ளையார் 1' என்று எழுதி வைத்தேன். ஆடிட்டர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இந்தப் பஞ்சாங்கத்தை எந்த வெளியூர்க் கோச்சும் சொல்லித் தர முடியாது. கோச் என்றதும் பஸ் ஞாபகம் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: காசு வாங்கிக் கொண்டு கிளினிக் நடத்தக் கற்றுக் கொடுப்பவருக்கு இப்போது அதுதான் பெயர். இதுவும் அமெரிக்கச் சரக்குதான், ஆனால் எல்லாம் பார்க்கர் வழியில் வந்ததல்ல. எல்.டி. பேங்கி என்று ஃபுளோரிடாவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பல்லைப் பிடுங்குவதைவிடக் காப்பாற்றுவதே தொழில் என்று சொல்லி, உன்னைத் தெரிந்து கொள், உன் பேஷண்டைத் தெரிந்து கொள், உன் வேலையைத் தெரிந்து கொள் என்ற ரீதியில் ஊர் ஊராகப் போய் டாக்டர்களுக்கு வகுப்பு எடுத்தார். 1970-களின் தொடக்கத்தில் மியாமி பக்கம் அவர் பெயரில் ஒரு பயிற்சி நிலையமே வந்தது. பணமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை என்று நம் தொழிலில் மரியாதையோடு சொன்னவர்களில் அவர் ஒருவர்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஆனால் பல்லில் இல்லை, கண்ணில். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தும் நஷ்டமில்லாமல் நடத்தினார். எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவதற்காகவே 1992-ல் அங்கே 'லைகோ' என்ற பயிற்சி நிலையம் வந்தது. வெளிநாடுகளிலிருந்துகூட கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கே வந்து, ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிமிஷம்கூட சும்மா கிடக்காமல் எப்படிப் பார்ப்பது, ஒரு ஆபரேஷனுக்கு அடக்கம் என்ன என்று கற்றுக் கொண்டு போகிறார்கள். தன் வித்தையைப் போட்டிக்காரனுக்கும் சொல்லித் தருகிற ஆஸ்பத்திரி! பல் வைத்தியத்தில் அந்த அளவுக்கு ஒன்றை நான் பார்த்ததில்லை.

நமக்குக் கிடைத்தது கடற்கரை ஹோட்டல் ஏ.சி. ஹாலில் ரெண்டு நாள் பயிலரங்கு. சில வருஷங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒன்றுக்கு நானும் போனேன். வயசான காலத்தில் உனக்கெதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஆர்வம்தான்! நடத்தியவர் கெட்டிக்காரர். அவர் சொன்னதில் ரெண்டு விஷயம் தங்கம். ஒன்று, போனை எடுக்கிற பெண்ணுக்கு முதலில் பயிற்சி கொடு என்றார், பாதிப் பேஷண்ட் போனிலேயே போய் விடுகிறான் என்று. இரண்டாவது, உன் எண்களை உன் கையால் எழுது என்றார். எங்கள் பாங்க் மேனேஜர் சொன்ன அதே சமாசாரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு திரும்பியது. ஒரு பேஷண்டுக்குச் சராசரி பில் எவ்வளவு, அதை ஆறு மாசத்தில் எப்படி இரட்டிப்பாக்குவது. அந்த இடத்தில் எனக்குப் பார்க்கரின் பல் மாலை கண்ணில் வந்து நின்றது.

ஏனென்றால் அந்த 'இரட்டிப்பு' கீழே வரும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு ஜூனியர் பையன் என்னிடம் சொல்லியிருக்கிறான். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். "ஒரு பேஷண்டுக்கு இவ்வளவுன்னு டார்கெட் ஸார். சொத்தை சின்னதா இருந்தாலும் ரூட் கெனால்னு சொல்ல வேண்டியிருக்கு. வீட்டுக்குப் போனா தூக்கம் வரல ஸார்." அடக்கம் தெரியாமல் வருமானத்தை மட்டும் கூட்டச் சொல்கிற எந்த பிசினஸ் பாடமும் கடைசியில் பேஷண்டின் நல்ல பல்லில் போய்த்தான் நிற்கும். அந்தப் பையன் இப்போது வேறு இடத்தில் இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தது. ஏரோட்டரின் தண்ணீர்ச் சாரலே ஆபத்து என்றார்கள், அவசர வைத்தியம் தவிர மற்றதெல்லாம் நின்றது. வருமானம் நின்றது, வாடகையும் தவணையும் நிற்கவில்லை. அந்த மாதங்களில் செல்போனில் 'உங்கள் பிராக்டிஸை வளர்ப்பது எப்படி' என்று தினம் ஒரு வகுப்பு. வளர்க்கக் கிளினிக் திறந்திருந்தால்தானே?

அந்த சமயத்தில்தான் ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளினிக் வைத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். நமக்கெல்லாம் ரொம்ப ஜூனியர். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தார். ரெண்டு இடத்தில் கிளினிக். "ஸார், மூடிடலாமான்னு இருக்கு" என்றாள். நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பேப்பரை நீட்டினேன், அந்த பாங்க் மேனேஜர் எனக்கு நீட்டிய மாதிரி. அவள் எழுதிய எண்களை இங்கே போட மாட்டேன். அதே மாதிரி ஒரு பேச்சுக்கு உருண்டையாகப் போடுகிறேன், தம்பி தங்கைகள் பென்சிலோடு படிக்கவும்.

வாடகை 15,000. ரெண்டு உதவியாளர் சம்பளம் 24,000. கடன் தவணை 20,000. கரண்ட், தண்ணீர், போன் 5,000. கையுறை, ஸ்டெரிலைசேஷன், மருத்துவக் கழிவு 6,000. சில்லறை 5,000. ஆக மாசம் 75,000. மாசத்தில் 25 நாள், நாளைக்கு 6 மணி நேரம் திறந்திருந்தால் 150 மணி நேரம், ஒரு மணிக்கு 500 ரூபாய் அடக்கம். இதோடு நிறுத்தி விடுகிறவர்கள்தான் அதிகம். சேரில் ஆள் இருந்தது எத்தனை மணி என்று கேளுங்கள். பாதி நேரம் காலி என்றால் 75 மணிதான், ஒரு மணிக்கு அடக்கம் 1,000. கடைவாய்ப் பல் ரூட் கெனால் மூன்று தடவை வந்து மொத்தம் 2 மணி நேரம் பிடித்தால், சேருக்கே 2,000 போய் விட்டது. இன்னும் மருந்து, ஃபைல் செலவு, எக்ஸ்ரே, லேப், டாக்டர் சம்பளம் ஒன்றும் சேரவில்லை. இப்போது அந்த ஊர் ரேட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்தப் பெண் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக் கொண்டிருந்தாள். பீஸை ஏற்றினால் எதிர்க் கிளினிக்குக்குப் போய் விடுவார்கள், டார்கெட் வைக்க மனசு வராது. ஆனால் காலிச் சேர் என்று ஒன்று அந்தப் பேப்பரில் தெரிந்தது. ரெண்டாவது கிளினிக்கை மூடினாள், அதில் அட்வான்ஸில் கொஞ்சம் நஷ்டம், அழுகையும் உண்டு. முதல் கிளினிக்கில் காலை நேரத்தைக் கூடப் படித்த ஒருத்திக்குக் கொடுத்தாள், வாடகையிலும் சம்பளத்திலும் பாதி அவளுடையது. கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலத்தை ராத்திரி 9 மணி வரை நீட்டினாள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்தாள். கடன் இன்னும் முழுசாக அடையவில்லை. வீட்டுப் பத்திரம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. கிளினிக் நடக்கிறது.

இதைச் சொல்லித் தர ஹோட்டல் ஹால் தேவையா? போன வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பலர் தலையாட்டினார்கள், ஒருவர் மட்டும், "நம்ம கணக்கை ஜூனியர்ஸ் முன்னாடி எப்படி ஸார் காட்டறது, மானம் போயிடும்" என்றார். மதுரைக்காரர்கள் போட்டிக்காரனுக்கே காட்டுகிறார்கள் என்றேன். ஒரு வழியாகச் சம்மதம் கிடைத்தது. சந்திப்பின் இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், மேடை, மாலை, பொன்னாடை ஒன்றும் இல்லாமல், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரப் போகிறோம். ஆறு சீனியர்கள் தங்கள் ஒரு மாச வரவு செலவைப் பெயரில்லாமல் எழுதிக் கொண்டு வர ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். திண்ணைக் கிளினிக், வாடகைக் கிளினிக், கடற்கரைக் கிளினிக் எல்லாம் இருக்கும். ஃபைனல் இயரும் ஹவுஸ் சர்ஜன்களும் அவசியம் வரவும். கால்குலேட்டர் செல்போனிலேயே இருக்கிறது, பேப்பர் மட்டும் கொண்டு வந்தால் போதும்.

கல் பிள்ளையாரை என்ன விலைக்கு வரவு வைப்பது என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள்.